555 துடிக்கவில்லை என்பதற்காகப் பிரிவை மாற்றுவதா?

தம்பி, 555 டைமர் சிப்பை வைத்து நீ போட்ட சர்க்யூட்டைக் கணினி சிமுலேட்டரில் ஓட்டியபோது எல்இடி மினுக்கவில்லை என்றதும் எலக்ட்ரானிக்ஸே உனக்கு ஒத்துவராது என்று முடிவுகட்டிவிட்டாய், அதற்குள் உன் அப்பா படிப்பில் வேறு பிரிவு விசாரிக்கவும் ஆரம்பித்துவிட்டார். கொஞ்சம் பொறுங்கள் இருவரும். நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன், வயரிங்கில் தப்பு எதுவும் கண்ணில் படவில்லை.

கெபாசிட்டரின் (மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் பாகம்) வோல்டேஜ் சப்ளையில் மூன்றில் இரண்டு பங்கைத் தொட்டதும் 555-இன் அவுட்புட் கீழே இறங்கும், மூன்றில் ஒரு பங்குக்கு வடிந்ததும் மறுபடி மேலே போகும். உன் 9 வோல்ட்டுக்கு அது 6, 3. நீ போட்டிருக்கும் 10 கிலோ ஓம், 1 மெகா ஓம் ரெசிஸ்டர்களுக்கும் 1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டருக்கும் ஒரு சுற்று சுமார் 1.4 விநாடி; முதல் தடவை கெபாசிட்டர் பூஜ்யத்திலிருந்து ஏற வேண்டியிருப்பதால் அந்த ஏற்றத்துக்கே 1.1 விநாடி போய்விடும். நீ ஓட்டியதோ வெறும் 10 மில்லி விநாடி! அதற்குள் வரைபடத்தில் அவுட்புட் கோடு எப்படி அசையும்?

5 விநாடி ஓட்டு. அவுட்புட்டையே முறைத்துக்கொண்டிருக்காமல் கெபாசிட்டரோடு சேர்ந்த 6-ஆம் பின்னையும் பார், 3 வோல்ட்டுக்கும் 6 வோல்ட்டுக்கும் நடுவே நிதானமாக ஏறி இறங்கினால் எல்லாம் சரி. அவுட்புட் கோடு கோடாக நெருக்கியடித்து வந்தால் ரெசிஸ்டர் மதிப்பில் மெகாவுக்கு வெறும் 'எம்' அடித்திருப்பாய். ஸ்பைஸ் (SPICE) என்ற சர்க்யூட் மென்பொருள் வகை சிமுலேட்டர்கள் அதை மில்லி என்று எடுத்துக்கொள்ளும், எம்-ஈ-ஜி என்று மூன்றெழுத்தும் வேண்டும் (பழம் தின்று கொட்டை போட்டவர்களே இதில் வழுக்கியிருக்கிறார்கள்). அப்போதும் அசையவில்லையா, சிப்பை நிறுத்திவைக்கக்கூடிய ரீசெட், அதாவது 4-ஆம் பின், சப்ளையோடு சேர்ந்திருக்கிறதா பார், அப்புறம் கெபாசிட்டரின் தொடக்க வோல்டேஜை 0 என்று நீயே கொடு. சிமுலேட்டர் முதலில் எல்லாம் அசையாமல் நிற்கும் ஒரு நிலையைத் தேடும், ஓயாமல் துடிக்க வேண்டிய சர்க்யூட் நிஜத்தில் அப்படி நிற்காது, ஆனால் சிமுலேட்டரின் கணக்கில் சில சமயம் நடுவில் எங்காவது ஒட்டிக்கொள்ளும். நிஜ போர்டில் சின்ன இரைச்சலே அதைத் தட்டி எழுப்பிவிடும்.

இனி வேலை விஷயம். சிப் சரிபார்ப்பு, டெஸ்ட் இன்ஜினியர் வேலைகளில் இருப்பவர்கள் சம்பளம் வாங்குவதே இந்த மாதிரிக் குழப்பங்களைப் பிரித்துப் பார்க்கத்தான். நேர்முகத்தில் உன் ப்ராஜெக்ட் ஓடியதா என்பதைவிட, எது உதைத்தது, எப்படிக் கண்டுபிடித்தாய் என்று குடைவார்கள். அதனால் ஒரு நோட்டு போடு: என்ன எதிர்பார்த்தேன், என்ன வந்தது, எதை மாற்றினேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, நீ நேற்று செய்ததுபோல நாலு மதிப்பைச் சேர்த்து மாற்றினால் எது சரிசெய்தது என்று உனக்கே தெரியாது.

மூன்று மணி நேரம் விடாமல் உட்கார்ந்தேன் என்று எழுதியிருக்கிறாய் பார், மார்க்கைவிட அதைத்தான் நான் கணக்கில் எடுப்பேன். 6-ஆம் பின்னின் படத்தை அனுப்பு, பிரிவு பற்றி அப்புறம் அப்பாவையும் வைத்துக்கொண்டு பேசலாம்.