அந்த நிறங்கள் பொய்யா?

அன்புள்ள ஐயா,

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு கோளரங்கத்துக்குக் கூட்டிப்போயிருந்தேன். குவிமாடம் முழுக்க ஒரு நெபுலா, அதாவது விண்வெளியில் பரவிக் கிடக்கும் வாயு, தூசி மேகம், பச்சையும் செம்பழுப்புமாக விரிந்தபோது ஒரு பையன், "மிஸ், கிட்ட போய்ப் பாத்தா இந்தக் கலர்லதான் இருக்குமா?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. பதிவு செய்த குரல் அதற்குள் அடுத்த காட்சிக்குப் போய்விட்டது. வீட்டுக்கு வந்து தேடினால், நிறமெல்லாம் கணினியில் சேர்த்தது என்கிறார்கள். அறிவியல் என்று சொல்லி ஓவியத்தையா காட்டுகிறோம்?

அன்புடன்,
ஓர் அறிவியல் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்தப் பையனுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். கோளரங்கத்தில் கேட்கவேண்டிய முதல் கேள்வியைக் கேட்டிருக்கிறான்.

நீங்கள் பார்த்தது எந்தப் படம் என்று தெரியவில்லை. 1995இல் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த, கழுகு நெபுலாவில் தூண்கள்போல எழுந்து நிற்கும் மேகங்களின் படத்தையே எடுத்துக்கொள்வோம். கோளரங்கங்களில் அதிகம் காட்டப்படும் படங்களில் அதுவும் ஒன்று. ஹப்பிளின் கேமரா பதிவு செய்வது கறுப்பு வெள்ளை மட்டும்தான். அதன் முன்னால் வடிகட்டிகளை மாற்றி மாற்றி வைத்து, கந்தகம், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றும் உமிழும் ஒளியைத் தனித்தனியாக எடுத்தார்கள். பிறகு கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று கொடுத்து ஒன்றாகச் சேர்த்தார்கள்.

ஏன் அப்படி? ஹைட்ரஜனின் ஒளியும் கந்தகத்தின் ஒளியும் உண்மையில் இரண்டுமே சிவப்பு. உள்ளபடியே காட்டினால் எது எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குப் பிரியாது. நிறம் மாற்றியதால்தான் எந்த வாயு எங்கே ஒளிர்கிறது என்று பார்த்தவுடன் தெரிகிறது. அழகுக்காகவும் கொஞ்சம் சரிசெய்திருப்பார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தூண்களின் வடிவமும் விளிம்பில் தெரியும் ஒளியும் அங்கிருந்து வந்த ஒளியே வரைந்தவை.

சரி, கிட்டப் போனால்? மங்கலாகச் சாம்பல் நிறத்தில்தான் தெரியும். நெருங்க நெருங்க நெபுலா வானத்தில் பெரிதாகப் பரவும். ஆனால் அதன் எந்தப் பகுதியும் முன்பைவிடப் பளிச்சென்று ஆகாது. அவ்வளவு மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் பிரிக்க வராது. பையனிடம் இதை அப்படியே சொல்லுங்கள், ஏமாந்துபோக மாட்டான்.

என் வருத்தம் வேறு. இந்தக் கதை முழுவதையும் குவிமாடத்திலேயே காட்ட முடியும். கறுப்பு வெள்ளைப் படங்கள் மூன்றை வரிசையாகக் காட்டி, ஒவ்வொன்றாக நிறம் ஏற்றி, கடைசியில் சேர்த்துக்காட்ட இரண்டு நிமிடம் போதும். பெரும்பாலான காட்சிகள் முடிந்த படத்தை மட்டும் காட்டிவிட்டு இசையைக் கூட்டிவிடுகின்றன.

1923இல் ஜெர்மனியின் மியூனிக் நகர அருங்காட்சியகத்தில் ஸைஸ் நிறுவனத்தின் முதல் கோளரங்கக் கருவியை இயக்கிக்காட்டியபோது இந்தச் சிக்கல் இல்லை. அது காட்டியது வெறும் கண்ணுக்குத் தெரியும் ஏறக்குறைய 4,500 நட்சத்திரங்களை. சந்தேகம் இருந்தால் அன்று இரவே வெளியே போய் வானத்தைப் பார்த்துச் சரிபார்க்கலாம். 1980களில் கணினி வந்த பிறகு, யாரும் நின்று பார்க்க முடியாத இடங்களுக்கெல்லாம் குவிமாடம் நம்மைக் கூட்டிப்போகிறது. அது பெரிய வரம், சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே சரிபார்க்க வழியில்லாததால், "இது எப்படித் தெரிந்தது" என்று சொல்லும் பொறுப்பு காட்டுபவருக்குக் கூடுகிறது. அதனால்தான் பதிவுக் குரலைவிட, நடுவில் நிறுத்திக் கேள்வி வாங்கும் ஓர் ஆள் மேல் என்று நினைக்கிறேன். எவ்வளவு விலையுயர்ந்த புரொஜெக்டராலும் அந்தப் பையனுக்குப் பதில் சொல்ல முடியாதே.

நிறத்தைவிட எனக்கு அதிகம் உறுத்துவது தூரம். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே உள்ள சிறுகோள் பட்டையைக் காட்டும்போது பாறைகள் முட்டி மோதிக்கொண்டு பறக்கும், பார்த்திருப்பீர்கள். உண்மையில் அங்கே ஒரு பாறைக்கும் அடுத்ததற்கும் நடுவே சராசரியாகப் பல லட்சம் கிலோமீட்டர். 1972–73இல் பயனியர் 10 விண்கலம் அந்தப் பட்டையை எந்தப் பாறையிலும் மோதாமல் கடந்துபோனது. இந்த வெறுமையைக் குவிமாடத்தில் காட்டுவது கஷ்டம், நடந்து பார்த்தால் சுலபம். அமெரிக்காவின் இத்தாக்கா நகரில் வானியலாளர் கார்ல் சேகன் நினைவாக, 500 கோடியில் ஒரு பங்கு அளவில் தெருவோரமாகவே சூரியக் குடும்பத்தை அமைத்திருக்கிறார்கள். சூரியனிலிருந்து புளூட்டோவுக்கு நடக்க ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல்.

உங்கள் பள்ளியிலும் செய்யலாம், செலவே இல்லை. ஒரு கால்பந்து சூரியன். அதிலிருந்து 24 மீட்டர் தள்ளி ஒரு கடுகு, அதுதான் பூமி. 120 மீட்டரில் ஒரு நெல்லிக்காய், வியாழன். நெப்டியூனை வைக்கப் பள்ளி வாசலைத் தாண்டி 700 மீட்டர் போகவேண்டும். அடுத்த நட்சத்திரத்துக்கு இன்னொரு பந்தை எங்கே வைப்பது என்று பிள்ளைகளையே கணக்குப் போடச் சொல்லுங்கள். சென்னையில் தொடங்கினால் விடை ஏறக்குறைய டோக்கியோவில் வந்து நிற்கும்.