துருக்கி மாணவரும் 'டைம்' என்ற சொல்லும்

வணக்கம். துருக்கியின் இஸ்மிரில் ஆங்கிலம் கற்கும் உங்கள் மாணவர் 'த்ரீ டைம்ஸ்' என்பதற்குப் பதில் 'த்ரீ டைம்' என்றே எழுதுகிறார், 'வாட் டைம்' என்பதற்குப் பதில் 'வாட் அவர்' (hour) என்கிறார், ஏன் என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே கவனக்குறைவு இல்லைங்க, அவருடைய தாய்மொழி செய்கிற வேலை.

துருக்கி மொழியில் எண்ணுக்குப் பின் வரும் சொல்லில் பன்மை விகுதி வராது. 'ஊச் கெரெ' என்றால் மூன்று தடவை. நாமும் 'மூன்று தடவைகள்' என்றா பேசுகிறோம்? அதனால் அவருக்கு அந்த 'ஸ்' தேவையற்றதாகத்தான் தெரியும். மணி கேட்க 'சாஅத் கச்?' என்பார்கள். 'சாஅத்' என்பது மணி நேரம், கடிகாரம் இரண்டையும் குறிக்கும். பொதுவான நேரத்துக்கு 'ஸமான்', 'வகித்'. ஆக, ஆங்கிலத்தின் ஒரு சொல்லுக்கு அவரிடம் பல சொற்கள். முதலில் தடவை, மணி, நேரம் என்று மூன்றாகப் பிரித்துக் காட்டுங்கள்.

மரபுத்தொடர்களைச் சொல்லுக்குச் சொல் மாற்ற விடாதீர்கள். 'இன் நோ டைம்' என்பதற்குத் துருக்கியில் 'கண்ணைத் திறந்து மூடுவதற்குள்' என்ற பொருளில் ஒரு தொடர் உண்டு. நம் 'கண் இமைக்கும் நேரத்தில்' மாதிரியே! எனக்கு மிகவும் பிடித்தது அது. 'ஃப்ரம் டைம் டு டைம்' என்றால் 'ஸமான் ஸமான்', சுலபம்.

சிக்கல் 'ஆன் டைம்', 'இன் டைம்' இரண்டில்தான். முதலாவது குறித்த நேரத்தில். இரண்டாவது, காரியம் கைமீறும் முன்னே. பஸ் எட்டு மணிக்குச் சரியாகக் கிளம்புவது முதல் வகை; ஓடிப்போய் அதைப் பிடிப்பது இரண்டாவது. இந்த இரண்டாவதற்கு, நேரத்துக்குள் போய்ச் சேர்வதைக் குறிக்கும் 'யெதிஷ்மெக்' என்ற துருக்கி வினையை நினைவூட்டுங்கள், புரிந்துவிடும்.