சின்னப் பட்டறையில் பாக்கி வசூல் நினைவூட்டலைத் தானாகப் போக வைப்பது எப்படி?

பத்துப் பேர் வேலை செய்யும் ஜாப் ஒர்க் (பிறருக்குக் கூலிக்குச் செய்துதரும்) பட்டறை, பில் டேலி என்ற கணக்கு மென்பொருளில், பாக்கிக்கான நினைவூட்டல் மெயில் மட்டும் தானாகப் போகவேண்டும் என்கிறீர்கள். கூகுள் ஷீட்டும், அதில் வேலைகளைத் தானாகச் செய்ய வைக்கும் நிரல் எழுத அதோடு வரும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டும் போதும். மாதச் சந்தா கட்டி எதுவும் வாங்க வேண்டாம்.

ஷீட்டில் ஒரு வரிக்கு ஒரு பில்: பில் எண், வாடிக்கையாளர் குறியீடு, தொகை, வரவு, கெடு தேதி, கடைசியாகப் போன நினைவூட்டல், 'நிறுத்து' (மெயில் போகவேண்டாத பில்லுக்கான குறி). மெயில் முகவரிகள் தனித் தாளில் இருக்கட்டும். அவற்றைக் குறியீட்டை வைத்தே தேடுங்கள். பெயரை வைத்துத் தேடினால் ஒரு புள்ளி மாறினாலும் சிக்காது.

கெடுவுக்கு 3 நாள் முன்பு, கெடு அன்று, 7 நாள் கழித்து என மூன்று கட்டம். 'இன்றுதான் கெடு நாளா' என்று மட்டும் ஸ்கிரிப்ட் பார்த்தால், ஒருநாள் ஓடாமல் போனாலும் அந்தக் கட்டம் விட்டுப்போகும். 'இந்தக் கட்டத்துக்கான நாள் வந்துவிட்டதா, இதன் மெயில் போய்விட்டதா' என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரே ஆளுக்கு ஐந்து பில் இருந்தால் ஒரே மெயிலில் சேர்த்து அனுப்புங்கள். 15 நாள் தாண்டியவை உங்களுக்குப் பட்டியலாக வரட்டும். அதற்குமேல் நேரில் பேசித்தான் வாங்கவேண்டும்.

இவை ஒரு நாள் வேலை. சிக்கல் வருவது, வந்த பணத்தை வரவு வைப்பதில்தான். நேற்று நெஃப்டில் பணம் போட்டவருக்கு இன்று காலை நினைவூட்டல் போனால், அடுத்த மெயிலை அவர் திறக்கவே மாட்டார். அதனால் 'வங்கி வரவு பதிந்த தேதி' என்று ஷீட்டில் ஒரு செல் வைத்து, பதிவு முடிந்ததும் அக்கவுண்டன்ட் அன்றைய தேதியைப் போடட்டும். அதில் இன்றைய தேதி இல்லையென்றால் ஸ்கிரிப்ட் யாருக்கும் அனுப்பாமல், உங்களுக்கு மட்டும் தகவல் சொல்லி நிற்கவேண்டும். ஸ்கிரிப்ட்டைத் தினமும் தானாக ஓடவைக்கும் ட்ரிக்கரை அதிகாலையில் வைக்காமல் பகல் 12 மணிக்கு மேல் வையுங்கள்.

அடுத்த சிக்கல் டிடிஎஸ், அதாவது பணம் தருபவர் முன்கூட்டியே பிடித்துக் கட்டும் வருமான வரி. ஜாப் ஒர்க் பில்லில் 1 அல்லது 2 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் மீதி வரும். அந்தப் பிடித்தத்தைத் ஷீட்டில் தனி நெடுவரிசையில் கழிக்காவிட்டால் சில்லறை பாக்கி நின்று, பணம் கட்டியவருக்கும் மெயில் போகும். எந்த பில்லுக்கென்று சொல்லாமல் மொத்தமாக வரும் தொகையையும் அன்றே பில்வாரியாகப் பிரித்துவிடுங்கள்.

சாதாரண ஜிமெயில் கணக்கில் ஸ்கிரிப்ட் வழியாக நாளைக்கு 100 பேருக்குத்தான் அனுப்பலாம். நகல் போகும் முகவரியும் அதில் சேரும். ட்ரிக்கர் அதை உருவாக்கியவரின் கணக்கில் ஓடுவதால், ஊழியரின் சொந்தக் கணக்கில் வைக்காதீர்கள். ஸ்கிரிப்ட்டின் நேர மண்டலம் இந்திய நேரமா என்று பாருங்கள். இல்லையென்றால் தேதி ஒருநாள் முன்பின்னாகும். முதல் இரண்டு வாரம் எல்லா மெயிலும் உங்கள் முகவரிக்கே வரட்டும்.

நீங்கள் உத்யம் (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு) பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனமென்றால் பதிவு எண்ணை மெயிலில் போடுங்கள். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, ஒப்பந்தம் இருந்தாலும் கெடு 45 நாளைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு. இந்த வரியை மூன்றாம் கட்ட மெயிலில் மட்டும் சேருங்கள்.