பாட்டியோட கொடிக்கு ஜெர்மன்ல என்ன பேரு

வணக்கம் ஐயா. நான் மலேசியா சுங்கை சிப்புட். எங்க பாட்டி ரப்பர் தோட்டத்துல வேலை செஞ்ச கதைய இங்கிலீஷ்ல எழுதி வச்சிருந்தேன், ஜெர்மனில படிக்கிற மக அதை ஜெர்மன்ல மாத்துறா. "வைன்"னு ரெண்டு இடத்துல வருது, ஒண்ணு புதுக்காட்டுல, அதான் புதுசா கன்னு நட்ட எடத்துல, தரையில படர்ற கொடி, இன்னொண்ணு லயத்துக்கு, அதான் தோட்டத்து வரிசை வீட்டுக்கு, பின்னால பாட்டி வச்ச வெத்தலக்கொடி. பாட்டி அதை "அவ"ன்னுதான் சொல்லுவாங்க. ஆப்ல போட்டா ரெண்டுக்கும் "வைன்ரேபெ"ன்னு வருது. விட்டுடலாமா?

வணக்கம்மா. விட்டுடாதீங்க. வைன்ரேபென்னா திராட்சைக்கொடி. இங்கிலீஷ் வைனும் திராட்சையிலேருந்து வந்த சொல்லுதான், அவங்க அதை மத்த கொடிக்கும் நீட்டிக்கிட்டாங்க, ஜெர்மன்காரங்க அவ்வளவா நீட்டல, அங்க வைன்னு வாய்ல சொன்னாலே குடிக்கிற ஒயின்தான். அப்படியே போட்டா படிக்கிறவங்க கண்ணுல மோசல் ஆத்தோரத் திராட்சைச் சரிவுதான் நிக்கும், பாட்டி நடந்த பால்மரக்காடு வராது.

முதல் கொடி நம்ம கவர் கிராப், தரைய மூடுறதுக்குன்னே விடுற கொடி. நானும் தோட்டத்துல பொறந்தவன், கன்னு மரத்துக்கு நடுவுல முட்டளவு கெடக்கும், மூணு மூணா எலை, ஊதாப்பூ, காலைல பனியில நடந்தா சிலுவார் (கால்சட்டை) முட்டி வரைக்கும் நனைஞ்சி கால்ல ஒட்டிக்கும். வேர்ல முடிச்சு முடிச்சா இருக்கும், அதுலதான் காத்துல உள்ள நைட்ரஜன் மண்ணுக்கு எறங்குது, மழைக்கு மண்ணு ஓடாமலும் பிடிச்சிக்கும். இதுக்கு "போடன்டெக்கர்"னு போடச் சொல்லுங்க. போடன்னா தரை, டெக்கர்னா மூடுறது. அந்தக் கொடி செய்யிற வேலையே பேருல இருக்கு.

வெத்தல ஏறுற கொடி, அதுக்கு "க்லெட்டர்ப்ஃப்ளான்ட்ஸெ". அகராதில "ரான்கெ"ன்னும் இருக்கும், அது வேணாம், அது பாகலும் பூசணியும் சுருட்டிப் பிடிக்கிற கம்பி. வெத்தல கணுவுல வேர் விட்டு மரத்துல ஒட்டித்தான் ஏறும், பாட்டி கொடிய பிச்சுப் பாத்தவங்களுக்குத் தெரியும்.

எனக்கு ரொம்ப முக்கியமாப் படுறது அந்த "அவ". இங்கிலீஷ்ல நீங்க "இட்"னு எழுதியிருப்பீங்க, வேற வழி இல்ல. ஜெர்மன்ல ப்ஃப்ளான்ட்ஸென்னா செடி, அது பெண்பால், அடுத்த வரியில தானாவே "ஸீ"ன்னு வரும், ஸீன்னா அவ. வெத்தலக்கு "பேட்டல்ஃபெஃபர்"னும் ஒரு பேரு உண்டு, சரியான பேருதான், ஆனா அது ஆண்பால், போட்டா பாட்டியோட அவ அவனாயிடுவா. அதனால வெத்தலன்னு பேரு சொல்ற எடத்துல "பேட்டல்ப்ஃப்ளான்ட்ஸெ"ன்னே எழுதச் சொல்லுங்க.