சொகுசு இளைஞர்களைக் கெடுத்துவிட்டதா?

"இன்றைய இளைஞர்கள் வசதிக்குப் பழகிவிட்டார்கள், வேலை முடிந்தால் கைபேசியே கதி என்று கிடக்கிறார்கள். முந்தைய தலைமுறையின் உழைப்பும் பொறுமையும் இவர்களிடம் ஏன் இல்லை?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் காவேரிப்பட்டணத்துக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தைச் சேர்ந்தவன். ஓசூரில் வாகன உதிரிபாகங்கள் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில், ஷிஃப்ட் முறையில் வேலை செய்கிறேன். கைபேசியில் நாங்கள் செலவிடும் நேரம் அதிகம்தான் என்பதை மறுக்கமாட்டேன். ஆனால், அதற்குச் சொகுசைக் காரணமாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்களிடம் இல்லாதது, நாங்களே திட்டமிட்டுக்கொள்ளக்கூடிய முழுமையான நேரம்.

முதலில் வசதி என்ற ஒரே சொல்லுக்குள் நாம் போட்டுக் குழப்பும் இரண்டு வகைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அதனால் பற்களில் பழுப்புக் கறை படிந்தவர்களும், மூட்டுகள் இறுகி நடக்கச் சிரமப்படும் முதியவர்களும் இந்தப் பகுதிக்குப் புதியவர்கள் அல்லர். 2013-ஆம் ஆண்டு தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் மூலம் காவிரி நீர் ஊர்களுக்கு வரத் தொடங்கியதை யாரேனும் சொகுசு என்பார்களா? அதற்குச் சற்று முன்பு, 2011-இல், தமிழக அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. மாலை நேரத்தை ஆட்டுக்கல்லின் முன் கழித்த பெண்களுக்கு அந்த கிரைண்டர் தினமும் அரை மணி நேரத்தையாவது திருப்பிக் கொடுத்தது. என் தாயார் அந்த நேரத்தில் தையல் கற்றுக்கொண்டு, இன்று அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறார். இத்தகைய வசதிகளால் எவருடைய உழைப்பும் கெட்டதாக நான் கண்டதில்லை. மனிதருக்கு நேரத்தை மிச்சப்படுத்தித் தருபவை இவை.

மற்றொரு வகை, மிச்சமான அந்த நேரத்தை எடுத்துக்கொள்வது. ஊடகம் எல்லாவற்றையும் இந்த வகையில் சேர்ப்பது நியாயமாகாது. என் தந்தை மாந்தோப்பில் வேலை செய்யும்போது தருமபுரி பண்பலை வானொலி கேட்பார். கை மண்வெட்டியை விடாது, காது பாட்டை விடாது. 2006-இல் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் வந்தபின் எங்கள் ஊரில் ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் தொலைக்காட்சி வந்துவிட்டது. அப்போதும் நிகழ்ச்சி என்றால் அதற்கு ஒரு தொடக்கமும் முடிவும் இருந்தன. பழைய படங்களில் "சுபம்" என்று திரையில் வந்ததும் எழுந்து போய்விடுவார்கள். கைபேசித் திரையில் அந்த முடிவு இல்லை. விரலால் தள்ளத் தள்ள அடுத்த பக்கம் தானாகவே வந்துகொண்டிருக்கும் முறையை 2006-இல் வடிவமைத்தவர் ஏசா ராஸ்கின் என்ற அமெரிக்கர். பின்னாளில் அவரே அதற்காக வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையத்தின் விலை சரிந்ததும், அந்த முடிவில்லாத திரை எங்கள் ஊர் வரை வந்து சேர்ந்தது. 2020 ஜூன் மாதக் கடைசியில் டிக்டாக் தடைசெய்யப்பட்டபோது, இனி பிள்ளைகள் மீண்டுவிடுவார்கள் என்று பெரியவர்கள் நம்பினார்கள். அடுத்த மாதமே இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்துவிட்டது. ஒரு செயலியைக் குற்றம் சொல்வதால் பயனில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரு நிமிடத்துக்கும் குறைவான காணொளிகளை இத்தனை பேர் ஏன் தேடுகிறார்கள் என்று கேட்க வேண்டும். இதற்கான விடை எங்கள் வேலைநாளில் இருக்கிறது.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வயதுவந்த தொழிலாளிக்கு வாரத்துக்கு 48 மணி நேரம், நாளொன்றுக்கு 9 மணி நேரம் என வரம்பு விதித்தது. ஆனால் அந்தக் கணக்கு தொழிற்சாலை வாயிலுக்குள் மட்டுமே செல்லும். கம்பெனிப் பேருந்து ஊர் ஊராக ஆட்களை ஏற்றிக்கொண்டு கிருஷ்ணகிரி, குருபரப்பள்ளி, சூளகிரி வழியாக ஓசூர் சேர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகிறது. திரும்பி வருவதற்கும் அதே அளவு. எட்டு மணி நேர வேலை எங்களுக்குப் பன்னிரண்டு மணி நேரமாகிவிடுகிறது; ஓ.டி. என்னும் கூடுதல் நேர வேலை இருந்தால் இன்னும் கூடுகிறது. இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி 2023 அக்டோபரில் இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். ஆறு நாள் வாரத்தில் அது நாளொன்றுக்கு ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம். அதனுடன் எங்கள் பயணத்தைச் சேர்த்தால், உறங்கவும் குளிக்கவும் உண்ணவும் பெற்றோரிடம் பேசவும் சேர்த்து எட்டு மணி நேரமே மிஞ்சும். அதே ஆண்டு ஏப்ரலில், நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் சட்டத்திருத்தம் தமிழக சட்டமன்றத்தில் நிறைவேறி, கடும் எதிர்ப்புக்குப் பின் மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. 1923-இல் தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் சென்னையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடி நூறாண்டு நிறைந்த நாளும் அதுவே.

இரவு ஷிஃப்ட் முடித்து வருபவனிடம் எஞ்சியிருப்பவை பேருந்தில் கிடைக்கும் சில நிமிடங்களும், உறக்கம் வராத பகல் வேளையில் சிறு சிறு இடைவெளிகளும்தாம். அதற்குள் ஒரு நாவலைத் தொடங்க முடியாது. கபடிக்கு ஆள் சேர்க்க முடியாது, ஏனெனில் நண்பர்கள் ஒவ்வொருவரும் வேறு வேறு ஷிஃப்ட்டில் இருப்பார்கள். சோர்ந்த உடலோடு, தனியாக, அந்தச் சிறு துண்டு நேரத்துக்குள் செய்யக்கூடியது திரையைப் பார்ப்பது ஒன்றே. இதை நான் ஓய்வு என்று சொல்லமாட்டேன். பார்த்து முடித்தபின் உடல் தெளிவதில்லை. கண் எரிகிறது, உறக்கமும் தள்ளிப்போகிறது.

இன்னொன்றையும் பெரியவர்கள் கவனிக்க வேண்டும். எங்களுக்குப் பொழுதுபோக்கு தரும் அதே கருவியில்தான் வேலையும் வருகிறது. நாளை எந்த ஷிஃப்ட், எந்த லைன், வார விடுமுறை உண்டா இல்லையா என்பதெல்லாம் வாட்ஸ்அப் குழுவில், பல நாட்கள் இரவு நேரத்தில்தான் தெரிவிக்கப்படுகிறது. அதைப் பார்க்கத் தவறினால் மறுநாள் பேருந்தைத் தவறவிட நேரும். ஆகவே கைபேசியை அணைத்து வைக்குமாறு கூறும் அறிவுரை எங்களுக்குப் பொருந்தாது. பணி நேரத்துக்குப் பிறகு தொடர்பிலிருந்து விலகியிருக்கும் உரிமையைப் பிரான்ஸ் 2017 முதல் சட்டத்தில் சேர்த்திருக்கிறது. அங்கே அது அலுவலக ஊழியர்களை மனத்தில் வைத்துப் பேசப்பட்டாலும், அதன் தேவை எங்கள் ஷிஃப்ட் தொழிலாளர்களுக்குக் கூடுதலாகவே இருக்கிறது.

முந்தைய தலைமுறையின் உழைப்பை நான் சிறிதும் குறைத்துப் பேசவில்லை. மழை பொய்த்த ஆண்டுகளில் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குச் சென்று, தகரக் கொட்டகையில் தங்கி, எங்களைப் படிக்க வைத்தவர்கள் அவர்கள். அவர்கள் பட்ட பாட்டில் பாதியைக் கூட நான் பட்டதில்லை. ஆயினும் தோட்ட வேலையில் பொழுது சாய்ந்தால் வேலை நிற்கும். மா அறுவடை முடிந்தால் சில மாதங்கள் மூச்சுவிட முடியும். திருவிழாவுக்கு ஊரே கூடும். கடுமையான வாழ்க்கைதான், எனினும் ஓய்வு எல்லோருக்கும் ஒரே வேளையில் கிடைத்தது. நாங்கள் இழந்திருப்பது அந்த ஒருமித்த ஓய்வை என்று நினைக்கிறேன்.

ஆகவே உங்கள் வீட்டுப் பிள்ளை கைபேசியுடன் படுத்துக் கிடப்பதைக் கண்டால், அவனுக்கு இந்த வாரம் எந்த ஷிஃப்ட் என்று முதலில் கேளுங்கள். அதற்கு அடுத்து, நாங்கள் நிர்வாகத்திடம் கேட்கும் ஒன்றுக்குத் துணை நில்லுங்கள். வேலை நேரங்களைத் தொழிற்சாலையில் அறிவிப்பாக வைக்க வேண்டும் என்று மேற்சொன்ன 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 61-ஆவது பிரிவே கூறியிருந்தது. ஷிஃப்ட் பட்டியலும் வார விடுமுறையும் ஒரு வாரத்துக்கு முன்பே தெரிந்தால், இரவுகளில் குழுவைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. நண்பர்கள் ஒரே நாளில் விடுப்பு அமைத்துக்கொள்ளலாம். பெங்களூரா ரக மாங்காய் பறிப்புக்கு எந்த நாள் வருவேன் என்று தந்தையிடம் நான் உறுதியாகச் சொல்லவும் முடியும்.