பழைய ஹேர் டிரையரை வாங்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில் வசிக்கிறோம். எங்கள் தெருவில் காலமான ஒரு மூதாட்டியின் வீட்டுச் சாமான்களை அவருடைய பிள்ளைகள் விற்கிறார்கள். அவற்றுள் 1960-களைச் சேர்ந்த ஹேர் டிரையர் ஒன்று, வட்டப் பெட்டி, நீண்ட குழாய், தலையில் மாட்டும் பிளாஸ்டிக் தொப்பி ஆகியவற்றோடு முழுமையாக இருக்கிறது. 25 டாலர் கேட்கிறார்கள். நன்றாக ஓடுகிறது என்றும் சொல்கிறார்கள். வாங்கிப் பயன்படுத்தலாமா? சென்னைக்கு எடுத்துச் செல்லலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் கூந்தலை உலர்த்துவதற்காக வாங்காதீர்கள்.

அந்தத் தலைமுறை அமெரிக்கப் பெண்கள் பலருக்கு இது சனிக்கிழமை இரவின் பொருள். மறுநாள் தேவாலயத்துக்குச் செல்வதற்காகக் கூந்தலை நனைத்து ரோலர்களில் சுற்றி, அவற்றின்மேல் தொப்பியை மாட்டிக் கொள்வார்கள். விசையைத் தட்டியதும் வெப்பக் காற்று குழாய் வழியாக ஏறித் தொப்பி உப்பும். குழாய் எட்டும் தூரத்துக்குள் ஒரு மணி நேரம் போல உட்கார்ந்திருக்க வேண்டும். இரைச்சலில் தொலைபேசி மணி கேட்காது, காது நுனி சுடும், சூடேறிய பிளாஸ்டிக்கின் வாடை வரும். தாயும் மகளும் முறைவைத்து உட்கார்ந்த வீடுகளும் உண்டு. இந்த நினைவுகளுக்காகத்தான் இன்றும் இதைத் தேடி வாங்குகிறார்கள். ஆகவே பெட்டி, குழாய், தொப்பி மூன்றும் சேர்ந்திருப்பதில்தான் இதன் மதிப்பு இருக்கிறது. தொப்பியை விரித்து, மடிப்பு விழுந்த இடங்களைப் பாருங்கள். பிளாஸ்டிக் விறைத்துக் கீறல் விட்டிருந்தால் விலையைக் குறைத்துக் கேட்பது நியாயமே.

"நன்றாக ஓடுகிறது" என்ற உறுதிமொழியை மட்டும் நம்பிவிட வேண்டாம். ஒரு நிமிடம் ஓட்டிக் காட்டினால் மோட்டார் சுழல்கிறது என்பதுதான் தெரியுமே தவிர, அறுபது ஆண்டுப் பழைய மின்கம்பியின் உறை உள்ளே பொடிந்திருக்கிறதா என்பது தெரியாது. அதைவிட முக்கியமானது ஆஸ்பெஸ்டாஸ் என்னும் வெப்பம் தாங்கும் இழைப்பொருள். அதன் இழைகளைச் சுவாசித்தால் நுரையீரல் கெடும். அக்கால ஹேர் டிரையர்கள் சிலவற்றில் வெப்பச் சுருளைச் சுற்றி ஆஸ்பெஸ்டாஸ் அட்டை வைக்கப்பட்டிருந்தது. அதன் இழைகள் காற்றோடு வெளியேறக்கூடும் என்று தெரியவந்ததும், 1979-இல் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் தலையீட்டால் தயாரிப்பாளர்கள் அதைக் கைவிட ஒப்புக்கொண்டனர். பெரிதாகப் பேசப்பட்டது கைப்பிடி வகைதான் என்றாலும், உங்களுடைய பெட்டிக்குள் அது இல்லை என்பதை வெளியிலிருந்து பார்த்து உறுதிசெய்ய இயலாது. பார்ப்பதற்காகத் திருகாணிகளைக் கழற்றுவது அதைவிடத் தவறு. மேலும், தண்ணீரில் விழுந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிளக் இன்றைய அமெரிக்கக் கைப்பிடி ஹேர் டிரையர்களில் கட்டாயம் இருக்கிறது, இதில் இராது.

சென்னைக்குக் கொண்டு செல்லலாம், ஆனால் அங்கே மின் இணைப்பு கொடுக்கவே கூடாது. 120 வோல்ட்டுக்கான வெப்பச் சுருளை 230 வோல்ட்டில் இணைத்தால் ஏறத்தாழ நான்கு மடங்கு வெப்பம் உண்டாகிச் சுருள் கருகிவிடும், தீப்பிடிக்கவும் கூடும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் வைத்தாலும், மேலே சொன்ன மற்ற ஆபத்துகள் அப்படியேதான் இருக்கும். குழந்தைகள் உள்ள வீடு என்றால் பிளக்கை வெட்டி எடுத்துவிட்டு அலமாரியில் வையுங்கள். அதனால் சேகரிப்போரிடம் விலை சற்றுக் குறையலாம், குறைந்தால் குறையட்டும்.