சாக்கடையில் விழுந்த கைப்பேசி, திரும்பி வந்த படங்கள்

கேள்வி: பினாங்கு லெபோ பசாரில் பயண முகவர் கடை வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர்கள் கடப்பிதழைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில்தான் அனுப்புவார்கள். போன வாரம் மழையில் கைப்பேசி சாக்கடையில் விழுந்து செத்துப் போனது. புதியது வாங்கி எண்ணைப் போட்டு, ‘ரீஸ்டோர்’ அழுத்தியதும் பழைய படங்கள் அத்தனையும் வந்துவிட்டன. வாட்ஸ்அப்பில் அனுப்புவதை வேறு யாரும் பார்க்க முடியாது என்கிறார்களே, அப்படியென்றால் இவை எங்கே இருந்தன?

பதில்: உங்களுக்குத் தெரியாமலே ஒரு பிரபலமான சோதனையைச் செய்து பார்த்திருக்கிறீர்கள். தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டி வைக்கும் மறையாக்கத் துறையில் இதற்குச் ‘சேற்றுக் குட்டைச் சோதனை’ என்றே பெயர். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் மேத்யூ கிரீன் இதைப் பரவலாக்கியவர். கைப்பேசி சேற்றில் விழுந்து கெட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் வழுக்கி விழுந்து, தலையில் அடிபட்டு, கடவுச்சொல்லை மறந்துவிட்டீர்கள். அப்புறமும் தகவல் திரும்பக் கிடைத்தால், அதைத் திறக்கும் சாவி வேறு யாரிடமோ இருக்கிறது.

2016 முதல் வாட்ஸ்அப் செய்திகள் அனுப்புபவர் கைப்பேசியில் பூட்டப்பட்டு, பெறுபவர் கைப்பேசியில்தான் திறக்கின்றன. அந்தச் சாவி சாக்கடையோடு போயிற்று. வந்தவை உங்கள் கூகள் கணக்கில் கிடந்த பேக்கப் பிரதிகள். சாதாரண பேக்கப்புக்கு அந்தப் பூட்டின் காவல் கிடையாது.

இதற்கு வழி 2021இலேயே வந்துவிட்டது, ஆனால் நாமாகப் போய் இயக்க வேண்டும். செட்டிங்ஸில் ‘சாட்ஸ்’, அதற்குள் ‘சாட் பேக்கப்’, அங்கே ‘எண்ட் டு எண்ட் என்கிரிப்டட் பேக்கப்’. கடவுச்சொல் வைக்கலாம், அல்லது 64 இலக்கச் சாவி வாங்கலாம். கைப்பேசியும் போய், அதுவும் மறந்துவிட்டால் வாட்ஸ்அப்பாலும் மீட்டுத் தர முடியாது. எரிச்சலாக இருக்கும், ஆனால் சோதனையில் தேறியது என்றால் அதுதான் அர்த்தம். சாவியைக் காகிதத்தில் எழுதிக் கல்லாப்பெட்டியில் வையுங்கள். தெரிந்தவர் ஒருவர் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்தார். அது நேராகக் கூகள் போட்டோஸுக்குப் போய்விட்டது!

அரசாங்கங்கள் மல்லுக்கட்டுவதும் பெரும்பாலும் இந்தப் பேக்கப்புக்காகத்தான். பிரிட்டிஷ் அரசு கொடுத்த நெருக்கடியில், 2025 பிப்ரவரியில் ஆப்பிள் இத்தகைய பாதுகாப்பை அந்நாட்டில் புதிதாகத் தருவதையே நிறுத்தியது. மலேசியாவில் நிலைமை வேறு. 1998 தகவல் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 249ஆம் பிரிவுப்படி, அச்சட்டத்தின் கீழ் சோதனையிட வரும் போலீஸ் அதிகாரிக்குக் கடவுச்சொல்லையும் பூட்டைத் திறக்கும் மறைநீக்கக் குறியீட்டையும் தர வேண்டும். ஆகவே இந்தப் பூட்டு திருடனுக்கும் கணக்கை ஹேக் செய்பவனுக்கும்தான்.

இன்னொன்று. வாட்ஸ்அப்பில் வரும் படம் கேலரியிலும் தானாகப் பதிவாகும். கேலரி கூகளோடு இணைந்திருந்தால், நீங்கள் போட்ட புதுப் பூட்டால் பயனில்லை. ‘மீடியா விசிபிலிட்டி’யை அணைத்துவிடுங்கள். டிக்கெட் போட்டு முடித்ததும் படத்தையும் அழித்துவிடுங்கள். 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தேவைக்கு மேல் வைத்திருக்காதே என்றுதான் சொல்கிறது. வாடிக்கையாளர் கைப்பேசியில் இருக்கும் பிரதி அவர் பாடு.